பிடித்தவன் பெயர்

பீங்கானில் எழுதிச் சூளையில் சுட்ட பெயர் அழியாது, இன்ஸ்பெக்டர் ஐயா. எத்தனை மழையில் நனைந்தாலும் எழுத்து அப்படியே நிற்கும். அதனால்தான் எங்கள் விருத்தாசலம் சடுகுடு சங்கத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் பெயரைப் பீங்கான் ஓட்டில் சுட்டுச் சுவரில் பதிப்பது என்று எழுபத்து மூன்றில் முடிவானபோது எல்லோரும் மகிழ்ந்தோம்.

யாரைச் சேர்ப்பது என்று சொல்ல வேண்டியவன் சிங்காரவேல். சங்கத் தலைவன். என்னோடு சூளையில் வேலை பார்த்தவன். பாடிப் போவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. நான் பிடிக்கிறவன். எதிரணியிலிருந்து பாடி வருகிறவனின் கணுக்காலைப் பற்றி, மூச்சு அறும்வரை விடாமல் வைத்திருப்பது என் வேலை. கருவேப்பிலங்குறிச்சிக்காரர்களோடு ஆடிய இறுதி ஆட்டத்தில் அப்படிப் பிடித்தபோது என் முழங்கால் பிசகியது. நாங்கள் ஜெயித்தோம். கோப்பையைச் சிங்காரவேல் வாங்கினான். அதற்குப் பிறகு என்னால் ஆட முடியவில்லை.

“மாயவா, மொதப் பேரே ஒன்னோடதுதாண்டா” என்று டீக்கடையில் அவனே சொன்னான். என் மனைவி கமலத்திடம் சொன்னேன். அவள் தெரு முழுக்கச் சொன்னாள்.

கூட்டத்தில் தகுதியை அறிவித்தான். பாடிப் போய் ஆளைத் தொட்டுப் புள்ளி எடுத்தவர்கள் மட்டும். எத்தனை வருஷம் ஆடினான், எப்படி நடந்துகொண்டான் என்பதெல்லாம் கணக்கில்லை.

“புடிக்கிறது கும்பல் வேல. அதுக்கு யாரு பேர எழுதறது?” என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை. முதல் ஓட்டில் அவன் பெயர். அது தவறில்லை, தகுதியானவன்தான்.

மறுநாள் வேலை முடிந்ததும் அவனை மணிமுத்தாற்று மணலுக்கு அழைத்துப் போனேன்.

“ஒரே ஒரு தடவ பாடி வா. கும்பல் இல்லாம நான் தனியா புடிக்கிறேன்.”

“காலு தாங்குமாடா ஒனக்கு?” என்றான். அக்கறையாகத்தான் கேட்டான்.

பாடி வந்தான். அவன் கணுக்கால் என் கையில் சிக்கியது. குப்புற விழுந்தான். பாட்டு தேய்ந்து நின்றது. மூச்சு விட்டால் ஆள் அவுட். பிடித்தவன் விட்டுவிட வேண்டும். எனக்குத் தெரியும். அவன் பின்னங்கழுத்தில் முழங்காலை ஊன்றி, முகத்தை ஈரமணலில் அழுத்தினேன்.

“வுட்ரா” என்றான். பிறகு கையால் தரையைத் தட்டினான். தோற்றவன் அப்படித்தான் தட்டுவான். எனக்கு நிம்மதியாக இருந்தது. தட்டுவது நின்ற பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. போக்குக் காட்டுவதில் அவன் கெட்டிக்காரன்.

ஆத்திரத்தில் கொன்றதாக மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. அவன்மேல் எனக்குப் பகையே கிடையாது. அப்படியொரு பிடியை இந்த ஊரில் யாரும் போட்டதில்லை. பார்த்துக் கைதட்ட ஒருவரும் இல்லாமல் போயிற்றே என்பதுதான் என் வருத்தம்.