சம்மந்தி கடிக்கிற நாள்

மணியப் பாக்காதீங்க அத்தான். வாயத் திறந்து வெச்சுட்டு கண்ண மட்டும் சுவத்துப் பக்கம் திருப்பினா எனக்குத் தெரியாதாக்கும். அந்தக் கடிகாரம் ஓடல. பேட்டரி மாத்தணும். உங்க வாட்ச்சா? எக்ஸ்ரே எடுக்கறப்ப கழட்டச் சொன்னேன்ல, அந்த ரூம்லயே இருக்கு. பத்திரமா இருக்கு.

பொழுது சாயறதுக்குள்ள ஆத்தங்கரையில உக்காரணும், அவ்வளவுதானே. உக்காரலாம். ஆறு எங்க ஓடிடப் போகுது. சரி, ஓடும். ஆனா உங்கள விட்டுட்டு ஓடாது. அக்காதான் கடைக்குப் போயிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கா இல்ல. வண்டி அவகிட்ட, தூண்டிலெல்லாம் வண்டியில. அவ வராம நீங்க எப்படியும் கிளம்ப முடியாது. அதுவரைக்கும் பல்லப் பாப்போம். இன்னும் கொஞ்சம் திறங்க.

உதடு மரத்துப் போச்சா? கிள்ளறேன், தெரியுதா? தெரியலயா. நல்லது. வலிச்சா மட்டும் கையத் தூக்குங்க. மணி கேக்கத் தூக்கக் கூடாது. என்ன எதிர்த்துப் பேசறதுக்கும் தூக்கக் கூடாது. அக்காவக் கட்டின நாள்லேருந்து நீங்க பேசிட்டே இருக்கீங்க, நாங்க கேட்டுட்டே இருக்கோம். இன்னைக்கு ஒரு நாள் நான் பேசறேன்.

பட்டாணி கடிச்சேன், பல்லு உடைஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே, அத வேற பல் டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லுங்க. தையல்காரங்க வந்தா முன்பல்லுல சின்னதா ஒரு பள்ளம் இருக்கும். நூல அறுத்து அறுத்து விழுந்த பள்ளம். அதப் பாத்தே என்ன தொழில்னு சொல்லிடுவேன். உங்க கடைவாய்ப் பல்லு சொல்லுது, தூண்டில் நரம்புல ஈயக்குண்ட மாட்டிட்டு, அத பல்லால கடிச்சு நசுக்கியிருக்கீங்க. ஈயத்தப் போய் யாராவது வாயில வெப்பாங்களா. ஒரு குறடு என்ன விலை விக்குது? தலைய ஆட்டாதீங்க, ஊசி வாய்க்குள்ள இருக்கு.

எனக்கு ஒண்ணு தோணும் அத்தான். நாள் பூரா வர்றவங்ககிட்ட கடிங்க, கடிங்க, நல்லாக் கடிங்கன்னு சொல்றதுதான் என் பொழப்பு. நீங்களும் ஆத்தங்கரையில உக்காந்து அதையேதான் கெஞ்சறீங்க. என்ன, என் ஆளுங்க சொன்ன உடனே கடிக்கறாங்க.

சம்மந்தி கடிக்க மாட்டேங்குது. அந்த மீனுக்கு நீங்க வெச்ச பேரு இருக்கே, அதுக்கு மட்டும் உங்களப் பாராட்டணும். எவ்வளவு செஞ்சாலும் கிட்ட வந்து பாக்கும், மோந்து பாக்கும், இதுதானான்னு மூஞ்சத் திருப்பிட்டுப் போயிடும். அப்புறம் என்ன பேரு வெப்பாங்க. நல்லவேளை, உங்க பொண்ணோட மாமனார் காதுல இது இன்னும் விழல. விழுந்தா அவரும் மூஞ்சத் திருப்பிட்டுப் போயிடுவாரு.

வேணும்னா உங்க பாடத்த நான் ஒப்பிக்கட்டுமா? பௌர்ணமி ராத்திரி வெளிச்சத்துல மீனெல்லாம் விடிய விடிய மேயும். மறுநாள் பகல்ல வயிறு நெறஞ்சு கெடக்கும், இரையத் திரும்பிக்கூடப் பாக்காது. அமாவாசையில ராத்திரி கும்மிருட்டு. அதனால காலையில கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம், வெளிச்சம் மங்கறப்ப வந்து அவசர அவசரமாத் தின்னும். சரியா? இது நிலாக் கணக்கு. அடுத்தது வானம். மழை வந்து வெறிச்சதுக்கு அப்புறம் போனா ஒண்ணும் ஆகாது. மழை வரப்போகுது, ஆனா வரல, காத்து அப்படியே நின்னு புழுங்குது, தட்டான் தண்ணிய ஒட்டிப் பறக்குது, அந்த நேரம்தான் மீனுக்குப் பசி வெறி பிடிக்கும். அப்புறம் பருவம். கோடையில தண்ணி வத்திடும், பெரிய மீனெல்லாம் மடுவுல போய் ஆழத்துல படுத்துக்கும். மேல எங்கயோ மொத மழை பேஞ்சு, புதுத்தண்ணி லேசா கலங்கலா வரும் பாருங்க, அதோட புழு பூச்சியெல்லாம் அடிச்சுட்டு வரும், அப்போ கரையோரம் ஏறி வரும். ரொம்பக் கலங்கினாலும் போச்சு, வெள்ளமா வந்தாலும் போச்சு.

எப்படி? எனக்கே இவ்வளவு தெரியுதுன்னா, தினம் சாப்பாட்டு மேஜையில உங்க எதிர்ல உக்காந்து கேக்கற அக்காவுக்கு எவ்வளவு தெரியும்னு யோசிச்சுப் பாருங்க. அவ தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா.

இன்னைக்கு அமாவாசை. காத்து நின்னு போச்சு. நேத்து ராத்திரியிலேருந்து ஆத்துல புதுத்தண்ணி. மூணும் ஒண்ணு கூடி வர்ற நாளு, வருஷத்துல ஒண்ணு வந்தா பெருசுன்னு காலையிலேருந்து வீட்டுல குதிச்சுட்டு இருந்தீங்களாமே. நம்ம வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட யாரும் இப்படி நாள் பாக்கல. அந்த நாளுல போய் பல்லு இப்படி வின்னு வின்னுன்னு வலிக்கணுமா. பாவம்தான் நீங்க. அக்காதான் எனக்குப் போன் பண்ணினா, மத்தியானம் கூட்டிட்டு வரேன், சீக்கிரம் பாத்து அனுப்பிடு, அவருக்கு இன்னைக்கு முக்கியமான வேலை இருக்குன்னு.

இப்ப வாய மூடுங்க. மெதுவா. பஞ்சு வெச்சிருக்கேன், அதக் கடிச்சுட்டே இருங்க. உள்ள வெச்சது காயணும். பேசினீங்க, அசைஞ்சுடும், மறுபடி மொதல்லேருந்து பண்ணணும். ம்ம் ம்ம்னு சொல்லலாம், தப்பில்ல.

எவ்வளவு நேரமா? காயற வரைக்கும்.

போன் நடுங்குதா? என்னோடதுதான். யாராவது இன்சூரன்ஸ் விக்கறவங்களா இருப்பாங்க, விடுங்க.

நாள் பாக்கறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. அக்காவுக்குப் பித்தப்பையில கல்லுன்னு ஆபரேஷன் தேதி குறிச்சாங்களே. நீங்க டாக்டர்கிட்ட ரொம்பப் பணிவா, ஐயா, அமாவாசை அன்னைக்கு வேண்டாமேன்னு சொன்னீங்க. அந்த மனுஷன் என்ன நெனச்சாரு? யாரோ பயபக்தியா சகுனம் பாக்கறவர் போலிருக்கு, நோயாளி குடும்பத்து மனசு நோகக் கூடாதுன்னு அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெச்சாரு. என்கிட்ட வந்து சொல்றாரு, உங்க அத்தானுக்கு மனைவி மேல எவ்வளவு அக்கறை பாருங்கன்னு. நான் என்னத்தச் சொல்ல. அவரு அந்த அமாவாசைக்குப் புழு தோண்டி வெச்சிருக்காரு சார்னு சொல்லவா.

அக்கா சிரிச்சா. நான் சிரிக்கல. அந்த ஒரு வாரம் அவ வயித்தப் பிடிச்சுட்டு சுருண்டு படுத்திருந்தா, நான்தான் கூட இருந்தேன். நீங்க ஈரத் துண்டோட வந்து, இன்னைக்கும் சம்மந்தி கிட்ட வந்துட்டுப் போயிடுச்சுன்னு அவகிட்டயே சொல்றீங்க. அவளும் அடடான்னு கேக்கறா. எனக்கு வந்த கோவத்துல உங்களத் தூக்கி அந்த மடுவுலயே போட்டிருப்பேன்.

கையத் தூக்கறீங்க. வலிக்குதா? வலிக்கலல்ல. அப்போ எறக்குங்க.

உங்கமேல எனக்குப் பிரியம் இல்லாம இல்ல. இந்த கிளினிக் தொறந்தப்ப நாற்காலி மேல ஏறி ஃபேன் மாட்டினது நீங்கதான். கையில மீன் வாடையோட மாட்டினீங்க, மொத நாள் வந்தவங்கல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டாங்க, அது வேற. நல்ல மனுஷன்தான். ஆனா ஒருத்திய வீட்டுல வெச்சுட்டு நாள் முழுக்க நிலாவ நிமிந்து பாத்துட்டு இருந்தா, அவ எங்க போவா?

ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நானும் வரேன்னு கேட்டாளே. புதுசா ஒரு தொப்பி வாங்கிட்டு வந்தா, ஞாபகம் இருக்கா? இருக்காது. கூட்டிட்டுப் போனீங்க. போயி, வண்டிக்குள்ளயே உக்காரு, கண்ணாடிய ஏத்திக்கோ, நீ பேசினா மீன் ஓடிடும்னு சொன்னீங்க. பொழுது சாயற வரைக்கும் அந்தக் கண்ணாடி வழியா உங்க முதுகப் பாத்துட்டு உக்காந்திருந்தாளாம். திரும்பியே பாக்கலடின்னு எங்கிட்டச் சொன்னா. அவ அழுது நான் பாத்தது கம்மி. அன்னைக்கு அழுதா.

முழிக்காதீங்க. தெரியாதுல்ல உங்களுக்கு? தெரியட்டும்னுதான் சொல்றேன்.

அதுக்கப்புறம் அவ எங்க வீட்டுக்கு அடிக்கடி வந்தாளே, தங்கச்சி வீட்டுக்குப் போறேன், தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு, நாங்க என்ன ஊர்க்கதை பேசிட்டா இருந்தோம்னு நெனச்சீங்க? சரி, அத அப்புறம் சொல்றேன். கடிச்சுட்டே இருங்க.

ஜன்னலத் தொறக்கணுமா? வேண்டாம், ஏசி போட்டிருக்கேன். திரைச்சீலையும் இருக்கட்டும், வெளிச்சம் பட்டா உள்ள வெச்சது சரியாக் காயாது. அப்படி ஒரு மருந்து. புதுசா வந்திருக்கு.

மறுபடியும் போன். இருங்க, கையுறையக் கழட்டிட்டுப் பாக்கறேன்.

ம்.

அடேயப்பா.

இல்ல, இல்ல, இன்சூரன்ஸ் இல்ல. ஒரு படம் வந்திருக்கு. உங்களுக்குக் காட்டலாம்தான். பஞ்ச விட்டுடாதீங்க, அசையாதீங்க, அப்பத்தான் காட்டுவேன். கண்ணாடி போட்டுக்கோங்க, இந்தாங்க. பாருங்க.

ஆமா. வாலோட மேல்பக்கம் கிழிஞ்சிருக்கு. தாடைக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைத் தழும்பு. நீங்க அடையாளம் சொல்லிச் சொல்லி அது எங்க குடும்பத்துல ஒரு ஆளு மாதிரி ஆகிடுச்சே. சம்மந்தியேதான்.

யாருன்னா கேக்கறீங்க? மீன அடையாளம் தெரியுது, பிடிச்சுட்டு நிக்கறது பொண்டாட்டின்னு தெரியலயா? பெருசு பண்ணிக் காட்டறேன், நல்லாப் பாருங்க. தொப்பிய மொதல்ல பாருங்க.

உக்காருங்க. எங்க எந்திரிக்கறீங்க? வண்டி அங்க இருக்கு, தூண்டில் அங்க இருக்கு, நீங்க பூண்டு போட்டுப் பிசைஞ்சு ஒளிச்சு வெச்ச மாவு உருண்டையும் அங்கதான் இருக்கு. எல்லாத்தையும் நீங்களேதான் ஒண்ணு விடாம வண்டியில ஏத்திக் குடுத்தீங்க. அவ ஒண்ணையும் திருடல. உங்க ரப்பர் பூட்ஸப் போட்டுட்டுத்தான் உங்களயே இங்க கொண்டாந்து எறக்கி விட்டா. நானே வாசல்ல நின்னு பாத்தேன், சிரிப்ப அடக்க முடியல எனக்கு. முழங்கால் வரைக்கும் பூட்ஸு, அதப் போட்டுட்டு யாராவது கடைக்குப் போவாங்களா. நீங்க அவ பக்கத்துல உக்காந்து வந்தீங்க, மேகத்தப் பாத்துட்டு வந்தீங்க.

எப்ப கத்துக்கிட்டாளா? எங்க வீட்டு மொட்டை மாடியில. தண்ணி நெரப்பின பக்கெட்ட அந்தக் கோடியில வெச்சுட்டு இந்தக் கோடியிலேருந்து வீசிப் பழகினா. பக்கெட்டத் தவிர எல்லாம் மாட்டுச்சு. கொடியில காய்ஞ்ச என் வீட்டுக்காரர் சட்டை மாட்டுச்சு, பக்கத்து வீட்டு டிவி ஆண்டெனா மாட்டுச்சு, ஒரு தடவ என் கொண்டையும் மாட்டுச்சு. அப்புறம் கை பழகிடுச்சு. நாள் பாக்கறதுக்கு மட்டும் அவ ஒண்ணுமே பண்ணல. அதுதான் நீங்க பாத்துத் தந்துட்டீங்களே.

இருங்க, எழுதியிருக்கா, படிக்கறேன். நிலாவும் சரி, காத்தும் சரி, தண்ணியும் சரி, அவரு கணக்கு அவ்வளவும் சரின்னு சொல்லு. அப்படின்னு போட்டிருக்கா. கேட்டீங்களா. நான்னா இப்படி எழுதியிருக்க மாட்டேன்.

என்னது? மீன் எங்கயா? வண்டியிலயா? இல்ல அத்தான். படம் எடுத்துட்டுத் தண்ணியில விட்டுட்டாளாம்.

ஐயோன்னு தலையில கை வெக்கிறீங்க. மொதல்ல கேளுங்க. அதையும் கொண்டு வந்துட்டா அந்த மனுஷன் அப்புறம் எதுக்குடி காலையில எந்திரிப்பாருன்னு கேக்கறா. ஆனா ஒண்ணு, நீங்க வழக்கமா உக்கார்ற எடத்துல அது இல்லவே இல்லையாம். எங்க பிடிச்சேன்னு வாயால சொல்ல மாட்டாளாம். அடுத்த அமாவாசைக்குக் கூட வந்தா காட்டறாளாம். வண்டிக்குள்ள உக்கார வேண்டாமாம், பக்கத்துலயே உக்காரலாமாம், பேசாம இருந்தா.

சிரிக்கறீங்களா, அழறீங்களா? மரத்துப்போன உதட்டுல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. சரி, ரெண்டும்தான் போல.

திட்டறதுன்னா அப்புறம் திட்டுங்க, இப்ப ஒரு வார்த்தை ஒழுங்கா வராது உங்களுக்கு. அவ வந்துட்டே இருக்கா. கிளம்பிட்டேன்னு போட்டிருக்கா.

என்ன? பல்லா? பல்லுல இன்னும் எவ்வளவு வேலை இருக்குன்னா கேக்கறீங்க? அது அப்பவே முடிஞ்சு போச்சு அத்தான், அந்தப் பௌர்ணமி, அமாவாசை எல்லாம் ஒப்பிச்சேன் பாருங்க, அப்பவே. வாயில இருக்கறது வெறும் பஞ்சு. துப்பிடுங்க.