ஆறாம் நம்பர் பட்டன்

— செருப்பைக் கழத்திட்டு உள்ள வாலே காளிராசு. வாசல்ல நின்னு அழுதா மடவார் வளாகம் தெருவே கூடிரும்.

— உள்ள வர எனக்கு என்ன யோக்கியதை இருக்கு பெரியம்மா? உங்களை மில்லுல இருந்து நிப்பாட்டுனதுக்கு நான்தான் காரணம்னு சொல்லுதேன், நீங்க காப்பி குடிக்கியான்னு கேக்கிய.

— நிப்பாட்டுனது மேனேஜரு. ‘இசக்கியம்மாளுக்குக் கண்ணு மங்கிப்போச்சு, அவ நூலு நூக்குற ஆறாம் பிரேமு மிசின்ல நூலு பூரா குறை’ன்னு அம்புட்டு பொம்பளையாளு முன்னாலயும் சொன்னாரு. நீ என்ன செஞ்ச? உன் வாயாலயே சொல்லு.

— அவர் கையில இருந்த தாளு என் கம்ப்யூட்டர்ல வந்தது. நூல்ல குறை விழுந்தா, ஷிப்டு சூப்பர்வைசர் அந்த பிரேமோட பட்டனை அழுத்துவாரு. ஆறு பிரேமு, ஆறு பட்டன். எதை அழுத்துனாலும் ஆறாம் நம்பர்லயே ஏறிருக்கு. ரெண்டு மாசத்துல பதினோரு குறை. பதினொண்ணும் உங்க தலையில.

— ரெண்டாயிரமாம் வருசம் பொறந்தாத்தான் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பும்னு பேப்பர்ல போட்டான். உன்னுது இப்பவே குழம்பிருச்சாக்கும்.

— அது குழம்பல, நான்தான் குழப்புனேன். பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷையில எழுதுனேன்...

— மலைப்பாம்பா?

— பேருதான் அப்படி. பட்டனை அழுத்துனா எந்த வேலையைக் கூப்பிடணும்னு முன்னாலயே எழுதி வைக்கணும். கூடவே, ‘நீ இந்த பிரேமு’ன்னு நம்பரையும் அது கையில குடுத்து விடணும். நான் குடுக்கல. ‘அழுத்துற நேரத்துல சிலேட்டுல என்ன இருக்கோ, அதைப் பாத்துக்கோ’ன்னு விட்டுட்டேன். சிலேட்டு ஒண்ணுதான். ஒவ்வொரு பட்டனா வைக்கையில அதுல ஒண்ணு, ரெண்டுன்னு அழிச்சு அழிச்சு எழுதிட்டே வந்து, ஆறுல நின்னுருச்சு.

— ஆறு பிள்ளையல ரேஷன் கடைக்கு அனுப்பிட்டு, ஆளுக்கொரு கார்டு குடுக்காம விட்டுட்ட.

— ஆமா பெரியம்மா.

— அதைச் சரி பண்ண எம்புட்டு நாளாச்சு?

— நாளா? ஒரு நிமிசம். ‘பிரேம் சமம் பிரேம்’னு ஒரு இடத்துல சேத்தா, அந்தந்தப் பட்டனுக்கு அதோட நம்பரு அப்பவே கைக்குப் போயிரும்.

— நான்தான் நானுன்னு சொல்லுத மாதிரி இருக்கு. இந்த ஒரு வரிக்கா என் பதினெட்டு வருச வேலை போச்சு?

— ஏசுங்க. நல்லா ஏசுங்க.

— எழுதி முடிச்சதும் அழுத்திப் பாக்க மாட்டியாலே?

— பாத்தேன். கடைசிப் பட்டனை மட்டும். ஆறுன்னு வந்துச்சு. கடைசி சரியா இருந்தா எல்லாம் சரின்னு எந்திரிச்சு டீ குடிக்கப் போயிட்டேன். நினைக்க நினைக்க வெக்கமா இருக்கு பெரியம்மா. உங்களை நிப்பாட்டுன அதே கூட்டத்துலதான், நாலாம் பிரேமுல குறையே இல்லைன்னு எங்கம்மாவுக்கு எவர்சில்வர் குடம் குடுத்தாவ. நான் முன்னால உக்காந்து கை தட்டிக்கிட்டு இருந்தேன்.

— பாத்தேன். உங்கம்மா முத்தாத்தா தலையைத் தூக்காமத்தான் வாங்குனா.

— நாளைக்குக் காலையில மேனேஜர்ட்ட அம்புட்டையும் சொல்லிருதேன். என்னை வெளிய அனுப்புனா அனுப்பட்டும். நீங்க திங்கக்கெழமை ஷிப்டுக்கு வந்துருங்க.

— சொல்லத்தான் வேணும். மில்லு வேலை போனதுல இருந்து கூலிக்கு இந்த பேண்டேஜ் துணியை மடிச்சு மடிச்சு எனக்கும் முதுகு விட்டுப்போச்சு. ஆனா செத்த இரு, ஒண்ணு கேளு.

— என்ன செய்யணும்னு சொல்லுங்க பெரியம்மா, செய்தேன்.

— மேனேஜர்ட்ட உன் தப்பை மட்டும் சொல்லு. தன் பிரேமுல மூணு தடவை குறை விழுந்தும் தாள்ல ஒண்ணுகூட ஏறலைன்னு உங்கம்மாவுக்கு மொத மாசமே தெரியும். ‘பையன் வேலை நிரந்தரமாகுற வரைக்கும் வாயத் தொறக்காதக்கா’ன்னு இங்க வந்து என் காலைப் புடிச்சா. அதை மட்டும் சொல்லிராத.