மூன்றாம் லைனுக்கு ஒரு பதில்

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற பஸ்ஸில் முகூர்த்த நாளன்று உட்கார இடம் கிடைப்பது அபூர்வம், சார். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கிடைத்தது. வெளியே கரிசலில் மக்காச்சோளம் பச்சையாக நின்றது. அவர் அதைக் காட்டிப் பிள்ளையைச் சிரிக்க வைத்துக்கொண்டு வந்தார்.

பிள்ளை பெயர் இந்துஜா. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவள். அவளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தப் போனோம். ஏற்கெனவே இரண்டு முறை நாள் குறித்திருந்தோம். இரண்டு முறையும் கிளம்புகிற நேரத்தில் மில்லிலிருந்து போன் வந்தது. அவர் வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டுப் பேன்ட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் பெயர் உங்கள் தாளில் இருக்கிறது. சங்கரபாண்டியன், நூல் மில்லில் எலக்ட்ரீஷியன். லீவு நாள், வேலை நாள் என்று அவர் போனுக்குக் கிடையாது. விளாத்திகுளத்தில் என் அப்பாவை எரித்த அன்று, சுடுகாட்டு வேலிக்கருவை நிழலில் நின்று எந்த ஃபியூஸைப் பிடுங்க வேண்டும் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாராம். என் தம்பி சொன்னான்.

சூப்பர்வைசர் அழகிரிசாமியை ரேஷன் கடையில் பார்த்தபோது மரியாதையாகத்தான் கேட்டேன். "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை மட்டும் அவியளக் கூப்பிடாதீங்க."

அவர் சிரித்தார். "அவரு எடுக்காரு, நான் கூப்பிடுதேன். எடுக்காம இருக்கச் சொல்லு தங்கச்சி."

எடுக்காமல் இருக்க அவருக்குத் தெரியாது. அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் அவர் சொன்னார்: "மூணாம் லைன் மோட்டார்ல எர்த் கம்பி இன்னும் மாட்டல. நாளைக்கு நான் போயித்தான் கரண்ட் குடுக்கணும்."

செண்பகராஜ் அவரோடு வேலை பார்ப்பவர். அன்று லீவு உண்மையில் செண்பகராஜுக்குத்தான். எங்களுக்காக முறையை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார். முந்தின நாள் பிள்ளைக்கு ஒரு மஞ்சள் சட்டை கொண்டுவந்து கொடுத்து, "நிம்மதியா போயிட்டு வாங்க மதினி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

எர்த் கம்பி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்று இங்கே சொல்லத்தான் முதலில் நினைத்திருந்தேன். பன்னிரண்டு வருஷமாக எலக்ட்ரீஷியனுக்குச் சோறு பொங்குகிறேன், சார். தெரியும். அது மாட்டாத மோட்டாரைத் தொட்டால் ஷாக் அடித்து ஆளே போய்விடலாம்.

மொட்டை போடும்போது பிள்ளை என் தம்பி மடியில் இருந்தாள். தலை அசையாமல் அவர் பிடித்துக்கொண்டார். அவர் போன் என் பையில் இருந்தது. அழகிரிசாமியிடமிருந்து செய்தி வந்தது: "மூணாம் லைனுக்கு கரண்ட் குடுக்கலாமா? உங்கள கேக்காம செண்பகராஜ் போட மாட்டேங்கான்."

யோசித்துத்தான் செய்தேன். பதில் போடாவிட்டால் போன் வரும்; அணைத்து வைத்தால் என் தம்பி போனுக்கு வரும். கூடாது என்றால், ஏன் என்று கேட்டுப் போன் வரும். அவர் பிள்ளையை விட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்று பேசுவார். பேசி முடித்ததும் மில்லுக்குக் கிளம்பிவிடுவார். மறுபடி போன் வராத பதில் ஒன்றுதான் இருந்தது. "குடுக்கலாம்" என்று அடித்து அனுப்பினேன். அவர் போனிலிருந்து அதை அழித்தேன். போனை அணைத்துத் துண்டுக்கு அடியில் வைத்தேன்.

காது குத்தும்போது பிள்ளை அழுதாள். அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தார். பிறகு உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். "போன் எங்க ஏட்டி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். சார்ஜ் இல்லை என்றேன். ஒரு நாள் முழுவதும் அவர் என் பக்கத்தில் இருந்தது, கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான்.

செண்பகராஜ் மோட்டாரில் கை வைத்தது பதினொன்று இருபதுக்கு என்று சொன்னீர்கள். நாங்கள் அப்போது பிள்ளை தலையில் சந்தனம் தடவிக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் கோவில்பட்டியில் இறங்கும்போது பஸ் ஸ்டாண்டிலேயே மில்காரர்கள் நின்றார்கள். செண்பகராஜ் கரண்ட் அடித்துச் செத்துப்போன விஷயத்தைச் சொன்னார்கள். அழகிரிசாமி தன் போனை நீட்டினார். அந்த ஒற்றை வார்த்தையை இவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்: "இத நான் எப்பம் அனுப்புனேன்?"

"மொட்ட போடுத எடத்துல என்கிட்ட வாங்கி அனுப்புனீங்க. ஞாபகம் இல்லையா?"

தூக்கத்தில்கூடப் பதில் சொல்லிப் பழகியவர். நம்பிவிட்டார்.

செண்பகராஜின் மனைவி ராதாமணியின் காலில் இவர் விழுந்து அழுதார். அவள் இவரைத் தூக்கி நிறுத்தி, "நீங்க வேணும்னேவா செஞ்சீங்க அண்ணாச்சி?" என்றாள். நான் பக்கத்தில் நின்று அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

பதினாறு நாள் ஆகிறது. இந்துஜா கையை நீட்டிக்கொண்டு போனாலும் அவர் தூக்குவதில்லை. "என் கை என்ன செய்யுதுன்னே எனக்குத் தெரியலட்டி" என்கிறார். நேற்று என்னிடம்கூடச் சொல்லாமல் இங்கே ஸ்டேஷனுக்கு வந்து, தான்தான் அனுப்பியதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அனுப்பியது நான். தெரிந்துதான் அனுப்பினேன். அவர் பெயரை அடித்துவிட்டு உமாராணி என்று எழுதிக்கொள்ளுங்கள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ரொம்பக் களைத்திருக்கிறார். மில்லில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், சார். கொஞ்ச நாளைக்கு அவருக்கு யாரும் போன் பண்ண வேண்டாம்.