பேப்பரில் வராத போட்டோ

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். மலைமேல் இருக்கும் செம்மேட்டிலிருந்து கீழே இறங்கும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி பெண்ணைப் பெற்றவள். மற்றவளுடைய மகன் பட்டாளத்தில் இருக்கிறான்.

“இந்தச் சம்மந்தம் வேண்டாமுங்க. பேப்பர்ல சண்டை போட்டோ பாத்தேன். ஒரே தீயும் பொகையும்.”

“சாமை வெதைக்க நாம காட்டுக்குத் தீ வெக்கறப்ப போட்டோ புடிச்சாலும் அப்பிடித்தானுங்க இருக்கும். எம்பையன் அனுப்புன போட்டோவப் பாருங்க.”

போனில் அந்தப் பையன் அண்டா நிறைய உருளைக்கிழங்கை வைத்துத் தோல் சீவிக்கொண்டிருந்தான்.

“இத ஏனுங்க பேப்பர்ல போடல?”

“போட்டா எவன் வாங்குவான்?”

பெண்ணைப் பெற்றவள் போனைத் திருப்பித் தரவில்லை. “எம்புள்ளைக்கு வெந்நீர் வெக்கக்கூடத் தெரியாதுங்க. நல்ல நாளாப் பாருங்க.”

கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது போதும். ஒருதடவை வாசி, நீயாக எதையும் சேர்த்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.