மாடி வீட்டுக் கத்தல்

– அந்த ஹெட்போன மொதல்ல கழட்டு தம்பி. நா மேல மாடியிலேர்ந்து எறங்கி வந்து தொண்ட கிழிய பேசிகினுகீறேன், நீ பாட்டுக்கு தலைய ஆட்டிகினுகீற.

– கழட்டிட்டேன் சரளாக்கா. வேலைல இருந்தேன், கவனிக்கல. உக்காருங்க. இன்னிக்கு மார்க்கெட்டுக்குப் போகலையா? மீன் ஏதாவது இருக்கா?

– மீனு கெடக்குது. நேத்து என் தங்கச்சியோட தாம்பரத்துல உன் படத்தப் பாத்துட்டு வந்தேன். பட்டாளத்துக்காரன் பைத்தியமாவுற பேய்ப் படம். கடைசில சவுண்டு பரணின்னு பேரு போட்டான். ‘அக்கா, உங்க கீழ்வூட்டுப் பையன்’னு அவ கை தட்டுனா.

– அப்படியா! பிடிச்சிருந்துச்சாக்கா?

– அந்த ஆளு கத்தி எடுத்துகினு பொண்டாட்டி மேல பாயச் சொல்ல ஒரு கத்தல் வருதே, அது எங்க எடுத்த?

– அது... சவுண்ட் லைப்ரரின்னு ஒண்ணு இருக்குக்கா. அதுல எல்லா சத்தமும் ரெடியா கிடைக்கும்.

– என் மூஞ்சப் பாத்து சொல்லு.

– லைப்ரரிலதான்க்கா, நிஜமா.

– தியேட்டர்ல அல்லாரும் அலறுனாங்க. நா எழுந்து நின்னுட்டேன். பின்னாடி இருந்தவன் உக்காரும்மான்னு கத்துறான், என் காலு மடங்கல. அது எங்க வூட்டுக் கத்தல் தம்பி. எனக்குத் தெரியாதா?

– சாரிக்கா. ஒரு ராத்திரி மழைச் சத்தம் எடுக்க ஜன்னல்ல மைக் வெச்சிருந்தேன். நம்ம பீர்க்கன்கரணை ஏரி மேல மழை பெய்யறது ஒரு தனி சத்தம். அப்போ மேலேர்ந்து உங்க வீட்டு சார் தூக்கத்துல கத்தினது அதுல விழுந்துடுச்சு. திரும்பப் போட்டுக் கேட்டப்போ எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு. எந்த நடிகராலயும் அப்படிக் கத்த முடியாதுக்கா. டைரக்டர் கேட்டுட்டு அழுதுட்டார்.

– அழுதுட்டு இன்னா பண்ணாரு? கண்ணத் தொடச்சுகினு கத்தியாண்ட வெச்சாரு.

– அப்படியே வைக்கலக்கா. ஸ்பீடைக் குறைச்சேன், இன்னும் கனமா கேக்கணும்னு குரலை இறக்கினேன், முன்னாடி பின்னாடி வெட்டினேன். யாருக்கும் அடையாளம் தெரியாதுன்னு நினைச்சேன்.

– தெரியாதா? இந்தத் தெருவுல எத்தினி பட்டாளத்துக்காரன் கீறான்? எங்க வூட்டுக்காரரு பால் வாங்கப் போனா பசங்க கேட்டுக்குள்ள ஓடுதுங்க. மறைமலை நகர்ல இவுரு செக்யூரிட்டியா நிக்கற கம்பெனில, லேபர் பசங்க போன்ல அந்தக் கத்தலப் போட்டுப் போட்டு சிரிக்கிறானுங்க. ‘அண்ணா, வூட்ல அண்ணி உசுரோட கீறாங்களா’ன்னு ஒருத்தன் கேக்கறான். இவுரு அதக்கூட என்னாண்ட சொல்லல. கூட வேல செய்யறவரு சொல்லிதான் தெரியும்.

– இப்படி ஆகும்னு நான் நினைக்கலக்கா.

– எடுத்துடு.

– எதை?

– அந்தக் கத்தல. பொங்கலுக்கு டிவில போடப் போறாங்களாமே, அதுக்குள்ள எடு.

– முடியாதுக்கா. அந்த சீனே அந்தக் கத்தல்தான். விருதுக்கெல்லாம் அனுப்பியிருக்காங்க.

– அப்ப அந்த டைரக்டரு எங்க கீறாருன்னு சொல்லு. நானே போறேன். நடுரோட்டுல உக்காந்து மீன் விக்கறவ நா. நாலு பேரு முன்னாடி வாயத் தொறக்க எனக்கு ஒரு கூச்சமும் கெடையாது.

– அக்கா, கோவப்படாம கேளுங்க. அது நிஜமான வலி. படம் பாத்தவங்க, ராணுவ வீரர்களோட கஷ்டம் இப்போதான் புரியுதுன்னு எழுதறாங்க.

– இன்னா புரிஞ்சுச்சு? பட்டாளத்துலேர்ந்து வந்தவன் பொண்டாட்டிய வெட்டுவான்னு புரிஞ்சுச்சு. இவுரு என் மேல ஒரு நா கை ஓங்குனதில்ல தம்பி. கருவாட்டு மண்டைய அரியக்கூட வூட்ல அருவாமனைய நாந்தான் எடுப்பேன்.

– சரளா. மேல வா.

– நீ ஏன்யா எறங்கி வந்த? டூட்டிக்குப் போவல?

– வீராசாமி சார்! வாங்க சார், உள்ள வாங்க. அக்காகிட்ட அதைத்தான்...

– வாசல்ல நின்னு எல்லாம் கேட்டேன் பரணி. அந்தக் கத்தல் அப்படியே இருக்கட்டும். எடுக்க வேணாம்.

– யோவ்!

– என் குரல். நான் குடுத்துட்டேன். அவ்ளோதான். பேச்சு முடிஞ்சுது.

– ரொம்ப தேங்க்ஸ் சார். தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மழைல வார்த்தை சரியா விழல. வெட்டினதுக்கப்புறம் ‘கொல்ல, கொல்ல’ங்கற மாதிரி கேக்குது. எல்லாரும் ‘கொல்லு’ன்னுதான் எழுதறாங்க. அதான் சார் கத்தினீங்களா?

– ஆமா. கொல்லுன்னுதான் கத்தறேன். சண்டைல வேற என்ன கத்துவாங்க, தேவாரமா பாடுவாங்க?

– சார், இதை நீங்க அப்படியே ஒரு பேட்டில சொல்லணும். டைரக்டரை இங்கேயே கூட்டிட்டு வரேன். ‘நிஜ வீரரின் நிஜக் குரல்’னு டிவி விளம்பரத்துல உங்க போட்டோவோட போடலாம்.

– போட்டுக்கோ.

– இன்னாய்யா போட்டுக்கோ? ஊரு மொத்தம் உன்னக் கொலகாரன்னு பாக்கும்.

– பாக்கட்டும். குண்டு விழுந்த எடத்துல படுத்து எந்திரிச்சவன் நான். இந்தத் தெருவுக்கா பயப்படப் போறேன்? நாளைக்கும் இதே தெருவுல நிமிந்து நடந்துதான் பால் வாங்கிட்டு வருவேன். ஒன்ன ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. எனக்கு அது போதும்.

– அதான் வேணாங்கறேன். எனக்கோசரம் நீ சொமந்ததெல்லாம் போதும்.

– சரளா, வேணாம். வா போலாம்.

– நவுறு. தம்பி, நீ கேளு. இவுரு எல்லைல இருக்கச் சொல்ல ஒரு நா எங்க குப்பத்துக்குப் போன் வந்துச்சு, இவுரு செத்துட்டாருன்னு.

– செத்துட்டாருன்னா?

– பொட்டி வந்துச்சு. கொடி போத்தி, மூடி ஆணியடிச்ச பொட்டி. தொறக்கக் கூடாதுன்னாங்க. என் வளையல ஒடச்சாங்க, பொட்ட அழிச்சாங்க. நா அந்தப் பொட்டிய ரெண்டு கையால அடிச்சேன், மண்ல பொரண்டேன், கடலுக்கே கேக்கற மாதிரி கத்துனேன். புத்தி கலங்கிடுச்சுன்னு வூட்டுக்குள்ள தள்ளிப் பூட்டிட்டு எடுத்துகினு போய்ப் பொதைச்சாங்க. கருமாதிக்குப் பந்தல் போடச் சொல்ல, ஆஸ்பத்திரிலேர்ந்து இவுரே போன்ல பேசறாரு.

– அப்போ பெட்டில வந்தது?

– இன்னொரு வீராசாமி. சேலம் பக்கத்து ஆளு. ஒரே பேரு. அவன் பொண்டாட்டி அது வரைக்கும் பூ வெச்சுகினு இருந்தா தம்பி. நா திரும்பவும் பூ வெச்ச அன்னிக்கு அவ எடுத்தா.

– போதும் சரளா.

– இப்போ புரியுதுக்கா. கூட இருந்தவர் செத்து தான் பொழைச்சதுதான் சாரை உறுத்துது. அதான் தூக்கத்துல அப்படிக் கத்தறார்.

– இவுரு படுத்தா கொறட்டதான் வரும். மீனு கூவிக் கூவி ஆம்பளத் தொண்டையாப் போனது என் தொண்ட. வூட்டு ஓனராண்டயும் தெருவாண்டயும் ‘நாந்தான் கத்தறேன்’னு சொல்லி வெச்சுட்டு, ராத்திரில என் கையப் புடிச்சித் தன் மூஞ்சியத் தடவிப் பாக்க வெச்சுகினு உக்காந்திருக்கறவரு இவுரு. அது ‘கொல்ல’ இல்ல தம்பி, ‘அவுரு இல்ல’; பொட்டிக்குள்ள கீறது அவுரு இல்லன்னு நா இன்னும் கத்திகினுதான் கீறேன்.