மேற்படி பெண்மணி

மூக்க மூடாத சார். அது என் மேல வர்ற நாத்தம் இல்ல. பக்கத்து வூட்டு வியாகுலம்மா கருவாடு காயப் போட்டுக்கீது. இன்சூரன்ஸ் டாக்டரும் இப்டி தான், கர்சீப்ப மூக்குல வச்சிக்கினே என்னாண்ட பேசினாரு. அத்த பாத்தாலே எனுக்கு கொமட்டிகினு வருது.

இன்சூரன்சு ஆபீசுலேர்ந்து வந்து கேட்டதையே எத்தினி தபா கேப்ப? அருள்பிரகாசம் எங்கன்னா, தோ உன் எதுர்ல குந்திகினு கீது. நான் தான். நீங்க குடுத்த கார்டுல அங்க அடையாளம்னு இன்னா போட்டுக்கீது, படி. இடது முழங்கைக்குக் கீழ தழும்பு. தோ பாரு. கம்பெனில தகுடு கிழிச்சது, பத்து தையலு. பொடவைய இன்னாத்துக்கு பாக்குற, தழும்ப பாரு.

ராயபுரம் கோயில்ல ஞானஸ்நானம் குடுக்கசொல்ல வச்ச பேரு அது. இப்ப ரோசி. எங்கம்மா சிலுவையம்மா இன்னும் அருளுன்னு தான் கூப்புடும். திட்டசொல்ல மட்டும் அடியே ரோசின்னும். அத்த கேக்கறதுக்குன்னே நான் அதாண்ட வம்பு வலிப்பேன்.

திருவொத்தியூரு டப்பா கம்பெனில எட்டு வருசமா பிரஸ்ஸு மிசின் ஓட்றேன். வாரா வாரம் கூலில இன்சூரன்சுக்கு புடிக்கிறாங்க. ஒரு வாரம் வுட்டதில்ல. புடிக்கசொல்ல நீ ஆம்பளையா பொம்பளையான்னு ஒருத்தனும் கேக்கல.

போன வருசம் பொம்பளையா மார்றதுக்கு ஆபரேசன் பண்ணிக்கினேன். எங்காளுங்க நிர்வாணம்னு சொல்லுவாங்க. ஆஸ்பத்திரில எங்களுக்கு யாரு சார் பண்ணுவா? எங்கள்ல பெரியவ ஒருத்தி, தாயம்மான்னு கூப்புடுவோம், அவ கையால தான். பயமா இல்லியான்னு கேக்குற. பயந்தேன். அதுக்கு மின்ன இருவத்தாறு வருசம் என் ஒடம்ப பாத்து நானே மூஞ்ச திருப்பிக்கினு குளிச்சனே, அதுக்கு இது தேவலாம். நாப்பது நாளு கழிச்சி சொக்கா போட்டுகினு, தலைல துண்டு கட்டிகினு மிசினுக்கு போயிட்டேன்.

ஆனா ஒண்ணுக்கு போற வழி சுருங்கிகினே வருது சார். மூஞ்ச சுளிக்காத, இன்சூரன்சு ஆளு தானே நீ. காலைல குந்தினா அரை மணி நேரம் ஆவுது. கண்ணுல தான் தண்ணி வருது. சின்னதா ஒரு ஆபரேசன் பண்ணா சரியாப்பூடும், மொத்தமா அடச்சிக்கிச்சின்னா உசுருக்கே ஆபத்துன்னு ஒரு நர்சம்மா சொல்லிச்சி. பெரிய ஆஸ்பத்திரில சேத்துக்க இன்சூரன்சு டிஸ்பென்சரி டாக்டரு சீட்டு எழுதித் தரணும். அந்த ஒரு சீட்டுக்கு ஆறு மாசமா அலையிறேன்.

மொத தபா சொக்கா லுங்கில போனேன். ஆம்பளைங்க வரிசைல நின்னேன். டாக்டரு கர்சீப்ப எடுத்தாரு. தொடவே இல்ல. கம்பவுண்டரு வந்தான், பெருக்குற ஆயா வந்துச்சி, எல்லாம் எட்டிப் பாத்துட்டு சிரிச்சிகினே போச்சிங்க. நான் லுங்கிய புட்ச்சிகினு நிக்கிறேன். தன்னால பண்ணிக்கின காயத்துக்கு இன்சூரன்சுல வைத்தியம் கெடயாது, போன்னாரு. த்தூ. இப்ப நெனச்சாலும் நாக்குல கசக்குது.

அடுத்த தபா பொடவை கட்டிகினு பொம்பளைங்க வரிசைல நின்னேன். அதே டாக்டரு தான். கார்டுல ஆணுன்னு கீது, எவன் கார்ட திருடிகினு வந்தன்னு கேட்டாரு. மொத தபா என் மூஞ்சையே பாக்கல அந்தாளு, அப்பறம் எப்டி அடையாளம் தெரியும்? ஆம்பளையா போனா வைத்தியம் இல்லன்றான், பொம்பளையா போனா கார்டு செல்லாதுன்றான். நான் இன்னாவா சார் போறது?

தன்னால பண்ணிக்கினதாம். எங்க கம்பெனில இக்னேஷியசுன்னு ஒருத்தன், நாலு புள்ளைக்கு அப்பன். குடும்பக் கட்டுப்பாடு கேம்புல போயி அவனும் தன்னால தான் பண்ணிக்கினான். லீவு குடுத்தீங்க, துட்டு குடுத்தீங்க, மேல ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டும் குடுத்தீங்க. செவப்பு பக்கெட்டு. அவன் பொண்டாட்டி அதுல தான் தண்ணி புடிக்கிது. எனுக்கு பக்கெட்டெல்லாம் வாணாம். எனுக்கு ஒயுங்கா ஒண்ணுக்கு வரணும், அவ்ளோ தான்.

பாரு, சிரிக்கசொல்ல கர்சீப்பு கீழ வந்துடுச்சி. கருவாடு ஒண்ணும் கொன்னுடல இல்ல. இந்தா, தண்ணி குடி. தம்ளர வெளக்கி தான் வச்சிக்கீறேன். வாணாமா? சரி, வுடு. டிஸ்பென்சரிக்கு எங்கம்மா எடுத்தாந்து குடுத்த எளநீய டாக்டரும் தொடல.

நீ இன்னா எழுதப் போற? கார்ட புடுங்கிகினு போயி போலீசுல குடுக்கப் போறியா? மனு வந்துக்கீதுன்றதுக்காக தானே இத்தினி தூரம் வந்த. எங்க, அந்த மனுவ இன்னொரு தபா சத்தமா படி. அருள்பிரகாசம் என்பவரின் கார்டை ஒரு பெண்மணி அபகரித்து வைத்தியம் பெற முயல்கிறார். மேற்படி பெண்மணியின் மீது உடனே நடவடிக்கை எடுக்குமாறு. எழுத்து முத்து முத்தா கீது இல்ல?

கலீலுல்லா பாய் எழுத்து சார் அது. போஸ்டாபீசு வாசல்ல மனு எழுதுவாரு. மொதல்ல ஒரு ஆசாமின்னு தான் எழுதினாரு. ஆசாமி வாணாம் பாய், ஒரு பொம்பளன்னு எழுதுன்னேன். நிமிந்து என்ன ஒரு தபா பாத்தாரு. அத்த அடிச்சிட்டு பெண்மணின்னு எழுதினாரு. உன் மேல நீயே புகார் குடுக்கிறியேம்மா, கம்பி எண்ண வச்சிடுவாங்கன்னாரு.

ஆமா, நான் தான் போட்டேன். அதுக்கு மின்ன மூணு மனு போட்டேன், உங்க ஆபீசுக்கே. வலிக்குது, சீட்டு குடுங்கன்னு. ஒரு நாயும் எட்டிப் பாக்கல. திருட்டுன்னு எழுதினேன், நாலாவது நாளு வெயில்ல வேர்த்துகினு நீ வந்து நிக்கிற.

இப்ப தழும்ப உன் கண்ணால பாத்துட்ட. மேற்படி பெண்மணியும் கார்டுக்காரரும் ஒரே ஆளு தான், வைத்தியம் பாக்கவும்னு எழுது. திருட்டு இல்லன்னு அபகரித்துன்றத அடிக்கிறதுன்னா அடிச்சிக்கோ. பெண்மணின்றத மட்டும் அடிக்காத சார். கெவுருமெண்டு பைல்ல என்ன அப்டி எழுதிக்கீறது அந்த ஒரு எடத்துல தான்.

பேனா எழுதலியா? ஒதறிட்டு எழுது.