தபால்தலை இல்லாத பெட்டி

— அன்னிக்குக் காலையில எழுந்தேன். வெந்நீர் வச்சேன். நாய்க்குத் தீனி போட்டேன். சவரம் பண்ணினேன். கடையைத் திறந்தேன். அவ்வளவுதான், வெஸ்னா.

— நான் உன் வக்கீல்ப்பா, பல் டாக்டர் இல்ல. ஒவ்வொரு வார்த்தையா பிடுங்க வைக்காதே. அப்புறம்?

— ஒரே மூடுபனி. எதிர்ல இருக்கிற மெத்தைக் கடைகூடத் தெரியல. கான்பரா முழுக்கத் தண்ணிக்கடியில கிடந்த மாதிரி இருந்துச்சு. சத்தமே இல்ல.

— பனியைப் பத்தியா ஜட்ஜ் கேட்கப்போறாரு? மாநில எல்லை தாண்டி இருக்கிற உன் வாடிக்கைக்காரர் ட்ராயன் கிழவர் வீட்டுல போலீஸ் எடுத்த பெட்டியைச் சொல்லு, ரோரி. இருபது நீலப்படம். உங்க கடை ஸ்டிக்கர். தபால்தலை மட்டும் இல்ல. கான்பராவுல விக்கலாம், தபால்ல அனுப்பலாம். கையில தூக்கிட்டுப்போய் எல்லைக்கு அந்தப் பக்கம் வித்தா குத்தம். உனக்குத் தெரியாதா?

— தெரியும். ஒன்பது வருஷமா தபால்தான்.

— அன்னிக்கு மட்டும் என்ன வந்துச்சு?

— மூணு நாள் லீவு, தபாலாபீஸ் மூடல். கிழவருக்குச் செவ்வாய்க்கிழமை இடுப்பு ஆபரேஷன். அதுக்குள்ள வேணும்னாரு.

— இடுப்பு ஆபரேஷனுக்கு முன்னாடி இருபது படம்! பெரிய மனுஷன்தான்.

— பத்து நிமிஷ வழி, வெஸ்னா. எல்லைன்னா ஒரு பலகை, அந்தாண்ட ரெண்டு மாடு. பனியில பலகையும் தெரியாது. மாடு மட்டும் காலில்லாம மிதந்துட்டு நிக்கும். எந்த மாநிலம்னு அதுங்களுக்கும் தெரியாது.

— நீ கொண்டுபோனேன்னு ஒத்துக்கிட்டா லைசென்ஸ் போயிடும். ஜெயிலும் கிடைக்கலாம். புரியுதா?

— புரியுது.

— கடை கேமராவைப் பார்த்தேன்ப்பா. அன்னிக்கு நீ கல்லாவை விட்டு நகரவே இல்ல.

— கேமராவை விடுங்க.

— உன் பொண்டாட்டி மெரின் கார் கவிழ்ந்தது அதே காலையில. அதே ரோட்டுல. குடுத்துட்டுத் திரும்பி வர்றப்ப. அவதானே கொண்டுபோனா?

— நான்தான்னு எழுதிக்கோங்க.

— செத்துப்போனவளை யாரும் ஜெயில்ல போட முடியாது, ரோரி. உண்மையைச் சொன்னா நீ தப்பிச்சுக்கலாம். அவ பேரைக் காப்பாத்த நீ உள்ள போகணுமா? அவளே இருந்தா இதுக்குச் சம்மதிப்பாளா?

— அவ பேருக்காக இல்ல.

— பின்ன எதுக்கு? கிளம்பறப்ப என்னதான் சொன்னா?

— 'நீ சொல்றியேன்னுதான் போறேன்'னா.